பின்னால் வராத காற்று

படத்தில் ஒன்றுமே இல்லாத இடத்தில் காற்று விலகிப் போய்க்கொண்டிருந்தது.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகான நேரம். ஏசியின் குளிர் பின்கழுத்தில் விழுந்துகொண்டிருக்க, சர்வர் ரூமின் கதவிடுக்கு வழியாக வரும் ஓயாத இரைச்சல் பழகிப்போய் இரைச்சலாகவே தெரியாமல் போயிருக்க, திரையில் நீலமும் பச்சையுமாக ஓடும் காற்றைப் பார்த்தபடி அரைத் தூக்கத்தில் இருந்தாள். நிறுத்திவைத்த காற்றாலையின் ஓர் இறக்கை, நுனி தரையைப் பார்க்க, நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. காற்று அதில் வந்து மோதி, இரண்டாகப் பிரிந்து, பின்னால் போய்க் கலங்கியது. அதெல்லாம் சரிதான். ஆனால் இறக்கையின் விளிம்பை ஒட்டி, பாதிக்குச் சற்று மேலே, வெறும் காற்று மட்டும் இருக்கவேண்டிய இடத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது. சின்னதாக. ஓடும் தண்ணீரில் யாரோ கையை விட்டுவைத்த மாதிரி.

பொருள் எதுவும் இல்லாமல் காற்று விலகாது. இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டாம்.

பக்கத்து மேசையில் இருந்த அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினாள். இறக்கையின் உருவத்தைக் கணிப்பொறியில் வரைந்து தருவது அக்காவின் வேலை. அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். தன் படத்தில் அங்கே ஒரு தூசிகூட இல்லை, உன் வலையில்தான் எங்கேயோ பிசகு என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த காபியைக் குடிக்கப் போய்விட்டாள்.

அவள் வேலை கணிப்பொறிக்குள் காற்றை ஓடவிடுவது. புகுந்த வீட்டில் அதைக் 'காத்து விடுற உத்தியோகம்' என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். காற்றாலையைச் சுற்றியிருக்கும் வெளியை லட்சக்கணக்கான சின்னப் பெட்டிகளாக வெட்டி, ஒவ்வொரு பெட்டியிலும் காற்று எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு வேகம் என்று இயந்திரத்தைக் கணக்குப் போடவைக்க வேண்டும். அந்தப் பெட்டிகளின் கூட்டத்துக்குத்தான் வலை என்று பெயர். கண் சின்னதாக இருந்தால் சின்னச் சுழல்கூட மாட்டும். ஆனால் நேரத்தைத் தின்றுவிடும். திரையில் காற்று ஒரு நொடி வீச, உள்ளே இயந்திரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் மூச்சிரைக்கும். அதனால் அந்த ஆபீசில் ஒரு வழக்கம் இருந்தது. கடைசியாக விளக்கணைத்துக் கிளம்புகிறவர், நின்றுபோன கணக்கு எதுவும் இருந்தால் அதைத் திரும்ப ஓடவிட்டுத்தான் போகவேண்டும். ஆள் தூங்கலாம், இயந்திரம் தூங்கக் கூடாது. வீட்டிலிருந்து அதைத் தொடவும் முடியாது. வாடிக்கையாளரின் ரகசியம் என்று மேலாளர் அந்த வழியை அடைத்துவிட்டார்.

மேலாளருக்கு ஆபீசில் 'சராசரி' என்று பெயர். எதைக் காட்டினாலும் சராசரி என்ன என்றுதான் கேட்பார். இந்தக் கணக்கிலும் அவருக்கு ஓர் எண்தான் வேண்டும். விரிசல் விட்ட இறக்கையைப் பழுதுபார்க்கக் கயிற்றில் ஆட்கள் இறங்குவார்கள். காற்று எந்த வேகம்வரை அடித்தால் அவர்கள் அங்கே தொங்கலாம்? காற்றாலைக்காரர்கள் இப்போதிருக்கும் அளவு ரொம்பக் குறைவு, பாதி நாள் வேலையே நடப்பதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அளவைக் கொஞ்சம் ஏற்றித் தரலாமா என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள். பார்க்கச் சொல்வது என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும், சராசரிக்கும் தெரியும்.

அப்படிக் கயிற்றில் தொங்குகிறவர்களில் ஒருவன் அவள் கணவன்.

ஒருமுறை விரிசலை நேரில் பார்க்கப் போன இடத்தில்தான் அவனைச் சந்தித்தாள். உடம்பெல்லாம் விரிசலை அடைக்கும் ரெசின் பசையின் வாடையோடு கீழே இறங்கி வந்தவன், அவளுடைய வேலையைக் கேட்டுவிட்டு, நீங்கள் கம்ப்யூட்டரில் விடுகிற காற்றில் வேர்வை காயுமா என்று கேட்டான். கல்யாணம்வரை கொண்டுவந்து விட்டது அந்தக் கேள்விதான்.

கணக்கைத் திரும்பப் போட்டாள். அந்தச் சின்னப் பிரிவு போகவில்லை. கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. அதன் பின்னால் காற்று இடமும் வலமுமாக மாறி மாறிச் சுருண்டது, யாரோ அமைதியாகக் காலை ஆட்டிக்கொண்டிருப்பதைப் போல. அந்த இடத்துப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். எல்லாம் வெறும் காற்று. சராசரி இரண்டு தடவை வந்து பின்னால் நின்றுவிட்டுப் போனார். மூன்றாவது தடவை வாயைத் திறந்தார்.

"அந்த இடத்துல வலையோட கண்ணைக் கொஞ்சம் பெருசாக்கிப் பாரும்மா. இதுக்கெல்லாம் போய் உக்காந்துட்டு இருப்பாங்களா?"

அந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற வேலைதான் அது. கணக்கு முரண்டு பிடித்தால் கண்ணைப் பெரிதாக்கு. சுழல் நழுவிப் போய்விடும், கோடு அடங்கிவிடும், படம் அழகாகிவிடும். யாரும் இதைத் தப்பு என்று சொல்வதில்லை. பக்குவம் என்று சொல்வார்கள். அவளும் சின்னக் கண் வலையை ஓரமாக நிறுத்திவைத்துவிட்டு, ஒரு நகலில் கண்ணைப் பெரிதாக்கினாள். பிரிவு மறைந்தது. எண் ஏறியது. சராசரியின் முகம் மலர்ந்தது. சாயங்காலமே எண் காற்றாலைக்குப் போய்விட்டது.

வீட்டில் அவன் அவளுக்கு முன்னால் வந்திருந்தான். வழக்கம்போல நாற்காலியை ஸ்டாண்டு ஃபேனுக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டு, காற்றையெல்லாம் நெஞ்சில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் இடம் அவனுக்குப் பின்னால் ஜன்னலோரக் கட்டில். இருந்தது ஒரு ஃபேன்தான். மூன்று வருடமாக இதே சண்டை.

"ஏங்க, கொஞ்சம் நகந்து உக்காருங்களேன். நீங்க உக்காந்தா பின்னால காத்தே வர்றதில்ல."

"காத்தை மறைக்க ஒரு ஆள் இருக்கேன்ல, அதுக்குச் சந்தோஷப்படு."

நாளைக்கு மேலே ஏறுகிறார்களாம். புது அளவு வந்துவிட்டதாம். என் பொண்டாட்டி கொடுத்த அளவு என்று வேனில் எல்லோரிடமும் சொன்னானாம். சொல்லிவிட்டு, மறுநாளுக்கான கருவிப் பையை எடுத்து இடது இடுப்பில் மாட்டிப் பார்த்தான். அவன் இடது கைக்காரன். அவர்கள் கூட்டத்தில் பையை இடப்பக்கம் மாட்டுகிறவன் அவன் ஒருவன்தான். போகாதீர்கள் என்று ஒரு வார்த்தை அவள் வாய்வரை வந்தது. எதை வைத்துச் சொல்வது? பாத்துப் போங்க என்று மட்டும் சொன்னாள். அதைத் தினமும்தான் சொல்கிறாள். அவள் போனில் அக்காவின் செய்தி ஒன்று வந்து கிடந்தது. 'உன் பழைய கணக்கு ஒண்ணு நின்னு கெடந்துச்சு. ஓடவிட்டுட்டேன். காலையில பாத்துக்கோ.'

மறுநாள் அவளுக்கு அந்தச் செய்தி மறந்தே போய்விட்டது. மத்தியானம்வரை வேறு வேலைகள். வெளியே காற்று கிளம்பியிருந்தது. ஆபீசின் கண்ணாடி ஜன்னல் அடிக்கடி மெல்ல அதிர்ந்தது. கூரையில் ஏதோ தகரம் தட்டித் தட்டி ஓய்ந்தது. அந்தத் தட்டல் ஓய்ந்த ஒரு நேரத்தில்தான் சர்வர் ரூமின் இரைச்சல் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கேட்பதைக் கவனித்தாள். சின்னக் கண் வலை ராத்திரியெல்லாம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

படத்தைத் திறந்தாள். பிரிவு அங்கேயே இருந்தது. இன்றைக்கு அது இன்னும் தெளிவாக இருந்தது. கை தானாகவே குறுக்கு வெட்டுகளைக் கேட்டது, மேலிருந்து கீழாக, ரொட்டியைத் துண்டு போடுவதைப் போல. முதல் துண்டில் காற்று ஒரு சின்ன வட்டத்தைச் சுற்றிப் போனது. அடுத்ததில் வட்டம் குறுகியது. அதற்கடுத்ததில் சட்டென்று அகலமானது. பிறகு வெகுதூரம் அகலமாகவே வந்து, கீழே இரண்டாகப் பிரிந்தது.

தலை. கழுத்து. தோள். இரண்டு கால்.

அவள் அதை மனதுக்குள்ளும் சொல்லிக்கொள்ளவில்லை. வேறு ஏதாவது இருக்கும் என்று துண்டுகளை மறுபடி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். இடுப்புக்கு நேரான துண்டில், உடம்பை ஒட்டினாற்போல், தனியாக ஒரு சின்ன வீக்கம். காற்று அதையும் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டு போனது.

இடப்பக்கம்.

போனை எடுத்தாள். அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மேலே ஏறுகிறவர்கள் போனைக் கீழே பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் ஏறுவார்கள் என்று அவளுக்குத் தெரியும், இருந்தும் மூன்று தடவை அடித்தாள். பிறகு காற்றாலை ஆபீசுக்கு அடித்தாள். அங்கிருந்தவன் பணிவாகத்தான் பேசினான். காற்று கொஞ்சம் கூடத்தான் அடிக்கிறது, ஆனால் மேடம், நீங்கள் கொடுத்த அளவுக்குள்தான் இருக்கிறது என்றான். இறக்கிவிடச் சொன்னாள். உங்கள் ஆபீசிலிருந்து எழுதிக் கொடுங்கள், இப்போதே இறக்கிவிடுகிறேன் என்றான்.

சராசரியின் அறைக்கு ஓடினாள். அந்த எண் தப்பு, திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்றாள். எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டார். படத்தில் ஓர் ஆள் தெரிகிறது என்றாள். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார், தண்ணீர் பாட்டிலை நகர்த்திவைத்தார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"சார், என் வீட்டுக்காரர் மேல இருக்கார்."

"அப்ப இன்னும் கவனமாத்தானே கணக்குப் போட்டிருப்பே?"

 அந்தக் கேள்வியை அவரே மறந்துவிடுவார்; அவள் சாகிறவரை அது அவளை விடாது. அந்த நிமிஷத்தில் அவரையும் வெறுத்தாள், தன்னையும் வெறுத்தாள், பக்குவம் என்ற வார்த்தையைக் கண்டுபிடித்தவனையும் வெறுத்தாள்.

இடத்துக்குத் திரும்பியபோது புதுப் படம் வந்திருந்தது. சில நிமிஷங்களுக்கு ஒரு படம் வரும். ஒவ்வொன்றும் கண்ணிமைக்கும் நேரத்துக் காற்று. இந்தப் படத்தில் அந்த உருவத்துக்கும் இறக்கைக்கும் நடுவே ஒரு கோடு மாதிரி காற்று புகுந்திருந்தது. இதுவரை ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

அடுத்த படத்தில் கோடு அகலமாகியிருந்தது.

அடுத்ததில் தலை கீழ்ப்பக்கம் சாய்ந்திருந்தது. இடுப்பில் இருந்த வீக்கம் உடம்பை விட்டு விலகி மேலே போயிருந்தது. கழன்ற பை.

அவள் எழுந்திருக்கவில்லை. ஓர் ஆள் அந்த உயரத்திலிருந்து கீழே வரச் சில நொடிகள் போதும். அந்தச் சில நொடிகளை இயந்திரம் மத்தியானம் முழுக்கக் கணக்குப் போட்டது. விழுவது என்றால் இவ்வளவு நிதானமான வேலை என்று அவள் நினைத்ததில்லை. ஒரு படம். பிறகு இரைச்சல். பிறகு ஒரு படம். கை ஒரு பக்கம் நீண்டு கயிற்றைத் தேடியது. அடுத்த படத்திலும் தேடியது. அக்கா வந்து முறுக்கு மாதிரி ஏதோ தின்னக் கொடுத்துவிட்டுப் போனாள்; அதைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தாள். இறக்கையின் நுனி மேலே போய்விட்டது. படத்தின் அடியில் தரைக்கோடு தெரிய ஆரம்பித்தது. ஜன்னல் அதிர்ந்தது. காற்று எல்லாப் பக்கமும் அவனுக்கு வழிவிட்டு விலகிக்கொண்டிருந்தது, மரியாதை தெரிந்த கூட்டம் மாதிரி.

தரைக்கு ஒரு மர உயரம் இருக்கும்போதுதான் தன்னால் இதை நிறுத்த முடியும் என்பது அவளுக்கு உறைத்தது.

இரண்டு பொத்தான்கள். நிறுத்து. அழி. அழி என்பதன் மேல் விரல் போனது. கணக்கை அழித்தால் அதில் இருக்கிறவன் என்ன ஆவான்?

நிறுத்து என்பதை அழுத்தினாள்.

சர்வர் ரூமின் இரைச்சல் மூச்சை விட்டதுபோல் தணிந்தது. படம் அப்படியே நின்றது. காற்றாலை ஆபீசுக்கு மறுபடி அடித்தாள், யாரும் எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. தலைவலி என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் பையை அள்ளிக்கொண்டு கிளம்பினாள். அக்கா, பாவம், நீ போம்மா, இங்க எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன் என்றாள்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் காது அடைத்துக்கொண்டே இருந்தது. தெருமுனையில் இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. வீட்டில் விளக்கு எரியவில்லை. ஆனால் கதவு வெறுமனே சாத்தியிருந்தது, உள்ளே ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது.

அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முதுகுதான் தெரிந்தது. ஃபேனுக்கு நேர் எதிரே, எப்போதும்போல, காற்றையெல்லாம் நெஞ்சில் வாங்கிக்கொண்டு.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கிட்டே போய்த் தோளைத் தொட்டாள். சட்டை சில்லென்று இருந்தது, ரெசின் வாடை வந்தது, தோள் தோளாக இருந்தது. கயிற்றுப் பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை. வீட்டுக்குள் பூட்ஸோடு உட்கார்ந்திருந்தான். இன்னொரு நாளாக இருந்தால் அதற்கு ஒரு பாட்டம் திட்டியிருப்பாள்.

"எப்ப வந்தீங்க?"

"தெரியல."

"வேன்லயா வந்தீங்க?"

"இறங்கிக்கிட்டே இருந்தேன். அப்புறம் இங்க இருந்தேன்."

களைப்பு என்று நினைத்தாள். நினைக்க விரும்பினாள். அவனுடைய இடது இடுப்பில் பை இல்லை என்பதைக் கண் பார்த்தது. மனம் அதை வாங்கிக்கொள்ள மறுத்தது. கட்டிலில் போய் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஒரு பொட்டுக் காற்று வரவில்லை. கழுத்தில் வேர்வை வழிந்தது, ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூன்று வருடத்தில் முதல் முறையாக அதற்குச் சந்தோஷப்பட்டாள். காற்றை மறைக்க ஓர் ஆள். இப்படியே இந்தப் புழுக்கத்திலேயே கிழவியாகிவிடலாம் என்று தோன்றியது. அந்த வேர்வையைத் துடைக்கக்கூட அவளுக்கு மனமில்லை.

மூக்கு ஒழுகியதால்தான் கைக்குட்டைக்காகப் பையைத் திறந்தாள். போனில் அக்காவின் செய்தி இருந்தது. வந்து வெகுநேரம் ஆகியிருந்தது. பஸ்ஸின் இரைச்சலில் கேட்டிருக்காது.

'தலைவலி எப்படி இருக்கு? உன் கணக்கு பாதியில நின்னு கெடந்துச்சு. ஓடவிட்டுட்டேன். கவலைப்படாம தூங்கு.'

அக்காவுக்கு அடித்தாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. சராசரிக்கு அடித்தாள். அணைத்துவைத்திருந்தார். ஆபீஸ் இருட்டில் பூட்டிக் கிடக்கும். உள்ளே இயந்திரம் மூச்சிரைத்துக்கொண்டிருக்கும். ஒரு மர உயரம். அதற்கு எத்தனை படம் வரும்? எத்தனை வந்துவிட்டது?

"ஏங்க."

அவன் திரும்பவில்லை. நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான்.

நெற்றியோரம் ஏதோ ஊர்ந்தது. கையால் தட்டிவிட்டாள். மறுபடி ஊர்ந்தது.

முடி. ஒற்றை முடி.

அசைந்தது.

 அவன் நகரவில்லை. அதே நாற்காலி. அதே அகல முதுகு. கழுத்து வேர்வை சில்லிட்டது. முந்தானையின் ஓரம் மடியில் லேசாகப் புரண்டது. பிறகு தூக்கிக்கொண்டது. இரண்டு கையாலும் அதை அமுக்கிப் பிடித்தாள். காற்று கைமேல் வந்தது. கன்னத்தில் வந்தது. கண்ணில் வந்து கண்ணீரைக் காயவைத்தது. சுற்றி வரவில்லை. பக்கவாட்டில் வரவில்லை. நேராக வந்தது, ரெசின் வாடையோடு, நடுவில் ஒன்றுமே இல்லாததுபோல.

அவளுக்குப் பின்னால், மூன்று வருடமாக அந்த ஃபேனுக்கு அசைந்தறியாத ஜன்னல் திரை, படபடவென்று அடித்துக்கொண்டது.

அவன் முதுகு அவள் கண்ணெதிரிலேயே இருந்தது.

"இப்ப காத்து நல்லா வருதா?" என்று கேட்டான்.